நாஞ்சில் வெள்ளை

முயல் இனம் உருவாவதற்கு முன்பே அதற்கு நாஞ்சில் வெள்ளை என்று பெயர் வைத்துவிட்டேன். பூதப்பாண்டிப் பக்கம் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த காலம். மலை எஸ்டேட்டில் வேலை பார்த்த நண்பர் ஒரு வெள்ளை ஆண் முயலைத் தந்தார். ஆள் பெரிது, ஆனால் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். வடசேரிச் சந்தையில் நான் வாங்கிய தவிட்டு நிறப் பெட்டை சின்னது, எந்த வெயிலுக்கும் அசையாது. இரண்டையும் சேர்த்து, வெயில் தாங்கும் பெரிய வெள்ளை முயலைக் காட்டுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சவால் விட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

முதல் ஈற்றில் பிறந்த அத்தனையும் தவிட்டு நிறம். தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளையைக் காணோமே சார் என்றார். அவற்றுக்குள்ளேயே இணை சேர்த்தபோது இரண்டு வெள்ளைக் குட்டிகள் தலைகாட்டின. மூன்றாம் வருடம் கூண்டு முழுக்க வெள்ளை. வெயிலும் தாங்கின. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை முயல் சிறுத்துக்கொண்டே போனது. புல்லை மாற்றினேன், கூண்டை மாற்றினேன். நான் அடிக்கடி முயலை நிறுக்கப் போனதில், பலசரக்குக் கடைக்காரர் என்னைக் கண்டாலே தராசை உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் மனைவியிடம் புலம்பினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளி வந்தா, பெருசாப் பாத்துப் பிடின்னு சொல்லது ஆரு? பெருசையெல்லாம் தின்னாச்சு. மிச்சம் கெடக்க சின்னது சின்னதைத்தானே போடும்?"

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் நடத்துகிறவன் நான். வெட்கமாகிவிட்டது. பெரியது என்று கூண்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆண் முயல். அதுவும் போனால் இத்தனை வருடப் பாடும் வீண்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமனார் வந்து நின்றார். முயல் கறி என்றால் அவருக்கு உயிர். நேரே கூண்டுக்குப் போனவர் அந்த ஒன்றையே காட்டி, இது போதும் மாப்பிளே என்றார். பெண்ணைக் கொடுத்தவரிடம் எப்படி மறுப்பது? மனைவிதான் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"அதைத் தொடாதீங்கப்பா. அது எங்க வீட்டு ஆளு."

அன்று மாமனார் சாளை மீன் கறியோடு சாப்பிட்டார். கை கழுவியதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். எனக்கோ அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஈற்றுக் குட்டிகள் தகப்பன் அளவுக்கு வளர்ந்தன. அதற்கடுத்த ஈற்று அவனையும் தாண்டியது. தலைமையாசிரியரே இரண்டு கேட்டு வாங்கிப் போனார். மாமனார் மட்டும் ஒரு வருடம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வந்தபோது, கால் கட்டிய ஒரு கோழியோடு வந்தார்.