கை குறைத்த கோட்டு

ஜூரிக்குக்கு நான் போகப் போகிறேன் என்று முதலாளி சொன்ன அன்று, எங்கள் வீட்டில் இருந்த குளிர் உடுப்பு ஒன்றே ஒன்றுதான். ஜவ்வாது மலைக்குப் போனபோது வாங்கிய மெரூன் ஸ்வெட்டர். அதிலும் முழங்கைப் பக்கம் பூச்சி அரித்திருந்தது. ஆரணியில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் என்ன தேவை?

நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூவும் மயிலும் வரைந்து கொடுப்பேன், அது தறிக்குப் போகும். பதினோரு வருடமாக ஒரே கடைக்குத்தான் வேலை. அந்த அக்டோபரில், ஸ்விட்சர்லாந்தில் ஏரிக்கரையில் இருக்கும் ஜூரிக் நகரத்தில் ஒரு துணிக் கண்காட்சி. எங்கள் புடவைகளை வைக்க இடம் கிடைத்திருந்தது. முதலாளியோடு இன்னொருவர் போகலாம். "டிசைன் போட்டவங்களே வந்து நின்னாதாம்மா மரியாத. நீயே வா," என்றார்.

அதே கடையில் கடிதம், ஏற்றுமதிக் காகிதம் எல்லாம் பார்த்தவள் என் தோழி. பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். கல்யாணத்தன்று எனக்குத் தலை பின்னிவிட்டவள். பிரசவ வலியில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் கணவருக்கு முன்னால் வந்து நின்றவள். விசா வேலையை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பெட்டி அடுக்கினோம். சாயங்காலம் வேலை முடிந்து நேராக வருவாள். கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவோம். அந்த ஊர்க் குளிரை ஃபோனில் பார்த்துச் சொல்வாள்.

"எட்டு டிகிரி காட்டுது. ஏரிக் காத்து வேற. நாலு சாக்ஸ் பத்தாதுடி."

அங்கே பட்டுப்புடவைதான் கட்ட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. உள்ளே குளிர் பனியன் போட்டால் ஜாக்கெட் ஏறவில்லை. முழுக்கை வைத்து, ஒன்றரை அங்குலம் தளர்வாக நாலு ஜாக்கெட் தைத்துக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். புடவைக்கு ஷூ போட்டு நடந்து பார்த்தபோது கொசுவம் மாட்டி நான் விழப்போக, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "ஒண்ணும் மறந்துடக் கூடாது," என்று ஒவ்வொரு பொருளையும் தன் ஃபோனில் குறித்துக்கொண்டாள்.

கோட்டு மட்டும் இரவல். என் அண்ணியின் தங்கை சில வருடம் கனடாவில் இருந்து திரும்பியவர். சாம்பல் நிறத்தில், முழங்காலுக்குக் கீழே வரும் கனமான கோட்டு. "பத்திரமா கொண்டாந்து குடுத்துடு," என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லிக் கொடுத்தார். நான் உயரம், கை மணிக்கட்டுவரை கச்சிதமாக வந்தது. ஒரு பொத்தான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "டெய்லர் கட வழியாதான் போறேன், குடு," என்று தோழி எடுத்துப்போனாள்.

விசாவைப் பற்றிக் கேட்டால், "இன்னும் தேதி குடுக்கலடி. நீ ஏன் பேஜார் ஆவற? நான் பாத்துகினுதானே இருக்கேன்," என்பாள். நடுவில் சித்தி மகள் கல்யாணம் என்று சென்னைக்கு ஒருநாள் போய்வந்தாள். நானும் கல்யாணம் நல்லா நடந்ததா என்று கேட்டேன்.

கிளம்பப் பத்து நாள் இருந்தது. கோட்டை வாங்கிவர நானே டெய்லர் கடைக்குப் போனேன். மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

"பொத்தான் தச்சாச்சுக்கா. கையும் ரெண்டு இஞ்ச் குறைச்சிட்டேன்."

"கையா? யாரு குறைக்கச் சொன்னது?"

"அந்தக்காதான். போட்டுக் காமிச்சி அளவு குடுத்தாங்களே." என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் குழப்பம். "அவங்களும்தானே போறாங்க? உங்களுக்குத் தச்ச மாதிரியே நாலு லூஸ் ஜாக்கெட் வாங்கிகினு போனாங்க."

கோட்டைக் கையில் பிடித்தபடி அங்கிருந்து அவள் வீட்டுக்கு நடந்தேன். ஏதாவது வேறு காரணம் இருக்கும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கதவு திறந்தே இருந்தது. கட்டிலின் மேல் அவளுடைய பெட்டி. வலப்பக்கம் சுருட்டிய சாக்ஸ், இடப்பக்கம் பனியன்கள், நடுவில் ஜாக்கெட்டுகள். நாங்கள் என் பெட்டியில் எப்படி அடுக்கினோமோ அப்படியே.

"சென்னைக்குப் போனது விசாவுக்கா?" என்று கேட்டேன்.

அவள் மறுக்கவில்லை. பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"உனக்கு இங்கிலீஷ் வராது. அங்க வந்து நிக்கறவங்ககிட்ட இன்னா பேசுவ?"

"அத அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ அழுவ."

"தெனம் என் வூட்டுக்கு வந்து என் துணிய மடிச்சியேடி."

"அந்தக் கோட்டையாவது குடுத்துட்டுப் போ, உனக்கு இனிமே ஆவாது," என்றாள். நான் கொடுக்கவில்லை.

முதலாளிக்கு ஃபோன் செய்தேன். அவர் பதறிப்போனார். "வூட்ல உன்ன வுட மாட்டேங்கறாங்க, அத சொல்ல உனக்கு சங்கடமாக்கீது, நான் கேக்கக் கூடாதுன்னு உன் ஃப்ரெண்டுதான் சொன்னாங்களேம்மா." இனி விசா எடுக்க நாள் போதாது. அவர்கள் இருவரும் போனார்கள்.

கண்காட்சியின் இரண்டாம் நாள், இங்கே மத்தியானம், என் ஃபோனில் வீடியோ அழைப்பு வந்தது. அவள்தான். பின்னால் என் புடவைகள் தொங்கின. பக்கத்தில் நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பார்டரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வெச்சிடாதடி. பார்டர் கலர் பொடவ உடம்புல கலக்காம எப்டி வருதுன்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரில."

அப்போதே ஃபோனை வைத்துவிட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தம்மா தடவிய புடவைக்காக மூன்று வாரம் கண் வீங்க உட்கார்ந்திருந்தேன். நடுவுக்கு ஊடுநூல் ஓட்ட ஒரு நாடா, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நாடா, சந்திக்கிற இடத்தில் நூலும் நூலும் கோத்துக்கொள்ளும் என்று விரலை விரலில் கோத்துக் காட்டிச் சொன்னேன். அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். அந்தம்மா புடவையைக் காட்டி ஏதோ கேட்டார். "மை டிசைன்," என்றாள் என் தோழி, தன் நெஞ்சில் கை வைத்து.

எனக்கு இங்கிலீஷ் வராதுதான். அந்த இரண்டு சொல் புரியாத அளவுக்கு இல்லை. ஃபோனை அணைத்தேன்.

அந்தக் கடைக்கு அதோடு வேலை செய்வதை நிறுத்திவிட்டேன். வேறு இரண்டு கடைக்கு இப்போது டிசைன் போடுகிறேன். கோட்டைக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னபோது, அண்ணியின் தங்கை அதைப் போட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வெளியே தெரிந்தது. "பரவால்ல வுடு," என்றார். அதற்குப்பின் என்னிடம் அவர் பழையபடி பேசியதில்லை.

ஜூரிக் போக முடியாததுகூட ஆறிவிட்டது. அந்த ஒரு மாதச் சாயங்காலங்கள்தான் ஆறவில்லை. ஷூ மாட்டி நான் விழப்போனபோது அவள் சிரித்த சிரிப்பு உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்த பிறகு ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. என் கணவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனாள்.

"பாவம், அழுவறாங்க," என்று அவர் உள்ளே வந்து சொன்னார். கையில் இரண்டு காலி டம்ளர்.

"டீ போட்டுக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு வேற இன்னா செய்யறது?" என்றார்.

அன்று முழுக்க அவரோடும் நான் பேசவில்லை.