கொப்பி சேர்

சான்றிதழைக் கொப்பி எடுப்பதற்கு முன்னால் சோலைமலை அதை ஒரு தடவை முழுதாக வாசிப்பார். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, பாடம் பாடமாக, மேலிருந்து கீழே. பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் பஸ் புறப்பட்டுப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. வாசித்து முடித்ததும் நிமிர்ந்து, "கணக்குக்கு ஏன் வெறும் எஸ் பாஸ்? அன்னைக்கு சொகமில்லாம இருந்தியா?" என்பார். ரெண்டே ரெண்டு கொப்பி எடுக்க வந்த பிள்ளை திருதிருவென்று முழிக்கும்.

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் சந்தில் நாலாவது கடை அவருடையது. 'சோலை கொமியூனிகேஷன்' என்று போர்டு. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், போன் ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே மழையில் நிற்க வேண்டும். சுவரில் முருகன் படம் ஒன்று சின்னதாக இருக்கிறது. அதைவிட நாலு மடங்கு பெரிதாக, எந்த மாவட்டத்துப் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தால் பல்கலைக்கழகம் போகலாம் என்கிற வெட்டுப்புள்ளிப் பட்டியல் லெமினேட் செய்யப்பட்டுத் தொங்குகிறது. காலையில் ஊதுபத்தியை இரண்டுக்கும் காட்டிவிட்டுத்தான் கடையைத் தொடங்குவார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பதினாறு வயதில் வரும் சாதாரண தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் கணக்கு காலை வாரிவிட்டது. பிறகு ஒரு ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கப் போனார். முதலாளி போட்டோ கொப்பி மெஷின் வாங்கினார். தொட்டுப் பார்க்க வேறு யாருக்கும் தைரியமில்லாததால் இவர் ஒப்பரேட்டர் ஆனார். இதுதான் அவருடைய தொழில் தெரிவின் முழு வரலாறு. அந்த மனிதரிடம்தான் இன்றைக்கு சுற்றிலுமுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து, "உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுக்கிறது அண்ணே?" என்று கேட்கிறார்கள். முன்னால் அண்ணே என்பார்கள். கடையை விட்டு இறங்கியதும், பள்ளிக்கூட வாத்தியாரைச் சொல்கிற மாதிரி, 'கொப்பி சேர்' ஆகிவிடுவார். அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. கேட்காத மாதிரி இருந்துகொள்வார், முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷம் வந்துவிட்டுப் போகும்.

ஒரு பெரிய பாடசாலையில் தொழில் வழிகாட்டலுக்கென்றே ஒரு ஆசிரியர் இருக்கிறார். அவருக்கு ஒரு அறையும் இருக்கிறது. போன வருடம் அந்த ஆசிரியரே தம்முடைய மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, "இவனுக்கு ஒண்ணு சொல்லுங்க சோலைமலை" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்! சோலைமலை சொன்னார். எல்லோருக்கும் சொல்கிற அதே முதல் வசனம்தான்: "ஆசைய அப்புறம் சொல்லு. ரிசல்ட்ட மொதல்ல காட்டு."

ஆலோசனையெல்லாம் ஒன்றும் லேசுப்பட்டதல்ல. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பிள்ளையை உயர்தரத்துக்குக் கண்டிக்கு அனுப்பப் பார்ப்பார்கள். விடமாட்டார். "கண்டியில படிச்சா கண்டி வெட்டுப்புள்ளி எடுக்கணும். நம்ம நுவரெலியா மாவட்டத்துக்கு கொறைவு. பேசாம இங்கயே இரு."

"இங்க பௌதிகத்துக்கு டீச்சர் இல்லியே அண்ணே?"

"அதனாலதானேம்மா கொறைவு! டீச்சர் வந்துட்டா அந்தச் சலுகையும் போயிடும்" என்பார். சொல்லும்போது சிரிக்கவே மாட்டார்.

இனி அவருடைய மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு கொள்கை உள்ள மெஷின். ஆஸ்பத்திரி, வங்கி, கல்வியியற் கல்லூரி, அரசாங்க வேலை என்றால் ஓடும். உயர்தரம் படிக்க வேண்டிய பிள்ளை கொழும்பில் புடவைக் கடைக்குப் போகக் கடிதம் கொண்டுவந்தால் நின்றுவிடும். "மெஷின் ரிப்பேர்" என்பார் சோலைமலை, அதன் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு. முன்னால் நின்றவனுக்குப் பத்துக் கொப்பி எடுத்த சூடு கூட அதில் ஆறியிருக்காது. "நாளைக்கு வா, அம்மாவக் கூட்டிக்கிட்டு வா" என்பார். சிலர் மறுநாள் அம்மாவோடு வருவார்கள், அழுவார்கள், படிக்கப் போவார்கள். மற்றவர்கள் மூன்று கடை தள்ளி நஸார் நானாவின் கடைக்குப் போவார்கள். நஸாருக்கு இவரால் நல்ல வியாபாரம்.

எல்லாவற்றையும்விட மெஷினுக்கு ஆகாதது தேயிலை. தோட்டத்தில் வேலைக்கு விண்ணப்பம் என்று யாராவது தாளை நீட்டினால் போதும். அது கந்தோரில் எழுத்து வேலையாக இருக்கட்டும், ஃபெக்டரி வேலையாக இருக்கட்டும், அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "பெரட்டுல நின்னு பேர் கூப்பிடுறதுக்கா ஒங்கம்மா ஒன்னய படிக்க வச்சா?" என்று ஒரு பிடி பிடிப்பார். அவருடைய அம்மா முப்பத்தாறு வருடம் விடியற்காலையில், கொழுந்து பறிக்க ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் போய் நின்றவள். அவருக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

போன மாசி மாதம் ஒரு நாள், கடை மூடுகிற நேரத்தில், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞன் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தான். ஒரு தோட்டக் கம்பனி, தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் வேலைக்குப் பயிற்சியாளர்களைத் தேடியது. உயர்தரத்தில் இரசாயனவியல் சித்தியடைந்திருக்க வேண்டும். அவசரத்தில் அவனே விளம்பரத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடியையும் மூடிவிட்டான். அவன் கையிலிருந்த விண்ணப்பத்தில் 'தேயிலை' என்ற சொல்லைப் பார்த்ததும் சோலைமலை மெஷினின் ஆளியை அணைத்தார். "மெஷின் ரிப்பேர் தம்பி." பையன் விண்ணப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நஸார் கடைக்கு ஓடினான். கண்ணாடியில் வைத்ததை மறந்துவிட்டுப் போவது கொப்பிக் கடைகளில் எல்லோரும் செய்கிற தப்புத்தான். இவர் மட்டும் அன்றைக்கு ஒழுங்காக ஒரு கொப்பி எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த விளம்பரம் அவனோடேயே ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தவள் சுலக்ஷனா. சோலைமலைக்கு ஒரே மகள், இருபத்தொரு வயது. உயர்தரம் பயோ பிரிவில் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் மருத்துவத்தை ஒரு மயிரிழையில் தவறவிட்டவள். மூன்றாவது தடவையும் எழுத வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அவள் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பகலில் கடையில் ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பினாள். அந்தத் தாளை எடுத்து, நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள்.

நாலு நாள் கழித்து, கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கமாகச் சுற்றி வந்து தன்னுடைய சான்றிதழை மேசையில் வைத்தாள். மேலே விண்ணப்பம் இருந்தது.

"ரெண்டு கொப்பிப்பா."

சோலைமலை வாசித்தார். முகம் கறுத்துப்போயிற்று. மகள் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அந்த மெஷினில் கொப்பி எடுத்திருந்தாள். இருந்தும் மனிதர் கூசாமல் சொன்னார்: "மெஷின் ரிப்பேர்."

"அப்பா..."

"எங்கம்மா முப்பத்தாறு வருசம் கொழுந்தத் தூக்கிட்டுப் போயி அந்த ஃபெக்டரி வாசல்ல கொட்டுனா. வாசலோட சரி, உள்ள ஒரு எட்டு வச்சதில்ல. அங்கயா போறேங்கிற? மூணாவது தடவ எழுது. டாக்டராயிருவ."

"மூணாவது தடவயும் கெடைக்கலன்னா? எனக்கு கெமிஸ்ட்ரி புடிச்சிருக்குப்பா. கொழுந்து நல்லதா மட்டமான்னு சொல்றது, எத்தன மணி நேரம் வாட்டணும்னு சொல்றது, எல்லாம் டீமேக்கர்தான். அந்த எடத்துல அப்பாயி பேத்தி நின்னா ஒங்களுக்கு என்னப்பா கொறைஞ்சிரும்?"

"மெஷின் ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

"சரிங்கப்பா" என்றாள் சுலக்ஷனா. தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்கக் கேட்கும்படி நஸாரின் குரல் வந்தது. "சோலைமலை அண்ணே! ஒங்கட மகள் எங்கட கடையில கொப்பி எடுத்துட்டுப் போறா. ஒங்கட மெஷின் என்ன, மெய்யாவே மௌத்தா போயிட்டா?" வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிந்தார்கள். அன்றைக்கு முழுவதும் சோலைமலை யாருடைய சான்றிதழையும் வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் அப்பனும் மகளும் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நடுவில் சோலைமலையின் மனைவி லெட்சுமி இருந்தாள். "அவள சாப்பிடச் சொல்லு", "அவர ரீலோட் போடச் சொல்லும்மா" என்று அவளுடைய காது வழியாகவே வீடும் கடையும் ஓடின. நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தபோதும் அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. ஆனால் கடித உறை மட்டும் எப்படியோ அவருடைய சட்டைப் பைக்கு வந்து சேர்ந்திருந்தது.

நேர்முகத்தன்று காலையில் லெட்சுமி பொறுமையிழந்தாள். "ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் இண்டர்வியூவுக்கு எத கொண்டு போகணும், எப்படி ஒக்காரணும்னு பாடம் நடத்துறீங்க. நீங்க பெத்தது தனியா போய்க்கிட்டிருக்கு. வெக்கமா இல்லியா?"

சோலைமலை கடைக் கதவைப் பாதி திறந்தவர், அப்படியே இழுத்துப் பூட்டினார். தலவாக்கலை பஸ்ஸில் மகள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இவர் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். டிக்கெட் மட்டும் இரண்டு பேருக்குமாக எடுத்தார். ஃபெக்டரிக்கு ஏறும் பாதையிலும் பத்தடி பின்னாலேயே நடந்தார்.

நேர்முகத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எட்டுப் பேர் பையன்கள். வெளியே ஒரு நீள வாங்கு கிடந்தது. சோலைமலை அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பயமாக இருந்தது அவருக்கு. மகளுக்குக் கிடைத்துவிடுமோ என்ற பயம் வழி நெடுக இருந்தது. இங்கே வந்து அந்த எட்டுப் பையன்களையும் பார்த்ததிலிருந்து, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. எந்தப் பயம் பெரியது என்று அவருக்கே விளங்கவில்லை. சுலக்ஷனாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்தாள். சொல்ல எத்தனையோ இருந்தது. "கைய கட்டிக்கிட்டு நிக்காத" என்றார். பதினெட்டு நாளைக்குப் பிறகு பேசிய பேச்சு அதுதான். அவள் சிரித்தபடி உள்ளே போனாள்.

வெள்ளை மேலங்கி போட்ட ஒரு இளைஞன் ஃபெக்டரிக்குள்ளிருந்து வந்தவன், இவரைக் கண்டதும் நின்றுவிட்டான். "கொப்பி சேர்! என்னத் தெரியலியா? வினோஜன். மூணு வருசத்துக்கு முந்தி ஒங்க கடைக்கு வந்தேன். மெஷின் ரிப்பேர்னு சொன்னீங்க. நஸார் நானா கடையில எடுத்துத்தான் இந்த வேலைக்கு அனுப்புனேன்." அவன் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னான். சோலைமலைக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனுடைய மேலங்கியையும், பையில் குத்தியிருந்த பேனாவையும், அவனைத் தாண்டிப் போன இரண்டு தொழிலாளர்கள் "சேர்" என்று சொல்லிவிட்டுப் போனதையும் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பேனாவக் குடுங்க" என்றார் பிறகு. கடித உறையை எடுத்து முழங்காலில் வைத்து நீவிக்கொண்டார். "இந்த ட்ரெயினி வேலைக்கு மேல என்னென்ன இருக்கு? கீழேருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"ட்ரெயினி முடிஞ்சா அசிஸ்டன்ட் டீமேக்கர். அப்புறம் டீமேக்கர். அப்புறம் ஃபெக்டரி மேனேஜர்."

உறையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக எழுதினார். "அதுக்கு மேல?"

"அதுக்கு மேல கொழும்பு ஹெட் ஒபிஸ்தான் அண்ணே. பெரிய பெரிய ஆளுக."

அதையும் எழுதினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அந்தக் கடைசி வரியின் பக்கத்தில், 'சுலக்ஷனா' என்று எழுதினார்.