படித்துறையில் தூவிய பவுடர்

ஆம்பூர்ப் பக்கம் ஓர் ஏரியில் மீன் குஞ்சு விடப் போன நாளை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வற்றிப்போன மீன்வளத்தை மீட்கும் திட்டம் அது. பண்ணையிலிருந்து குஞ்சுகளை ஆக்சிஜன் பையில் கொண்டுபோவது என் வேலை. ஒப்பந்த வேலைதான், மேலதிகாரி முறைத்தால் போய்விடும்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணன், நாங்கள் கேட்டுக்கொண்டதால் மூன்று மாதமாக வலையே போடவில்லை. குஞ்சுகள் பிழைத்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

போய் இறங்கினால் படித்துறை முழுக்க வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் பவுடர். முதல் பையைக் கவிழ்த்துத் தொடங்கிவைக்க ஒன்றியத் தலைவர் வருகிறாராம். பெரிய மனிதர் வருகிறார் என்றால் அதைத் தூவாவிட்டால் நம் ஊரில் மரியாதை இல்லை. படியில் தூவியது போதாதென்று, பாசி நாறுகிறதாம், தண்ணீரிலும் கூடை கூடையாகக் கொட்டியிருந்தார்கள் அறிவுகெட்டவர்கள்.

"சார், இங்க வுட்டா குஞ்சு செத்துடும். அந்தக் கரைக்குப் போய்டலாம்" என்றேன்.

"அங்க ஒரே சேறு. தலைவரு சேத்துல எறங்குவாரா? இன்னா, ஜாஸ்தி பேசற?" என்றார் மேலதிகாரி.

பைகளைப் படித்துறையிலேயே இறக்கினேன். தலைவர் தாமதமாக வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு பையைக் கவிழ்த்தார், போட்டோ சரியாக வரவில்லை என்று இன்னொரு பையையும் கவிழ்த்தார். மற்றதையெல்லாம் நாங்கள் அங்கேயே கொட்டினோம். அவர் கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"தோல் தண்ணிப்பா. இந்த ஏரி தேறாது" என்றார் மேலதிகாரி. எங்கள் பக்கத்தில் எது செத்தாலும் பழியைத் தோல் பதனிடும் ஷெட்டுகள் விடும் கழிவுத் தண்ணீர் மேல் போட்டுவிடலாம், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. தோல் ஷெட்காரர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பாவம் அவர்களுடையது இல்லை.

மறுநாள் காலை குத்தகைக்கார அண்ணன் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு அலுவலகம் வந்தார். தலைவர் வருமுன் ஒரு பையிலிருந்து கொஞ்சம் குஞ்சுகளை அள்ளி, எதிர்க்கரையில் மொண்ட தண்ணீரோடு அந்தக் குடத்தில் விட்டு வைத்திருந்தாராம்.

"ஒண்ணுகூட சாவல சார். தண்ணி நல்லாத்தான் கீது. இன்னொரு வாட்டி வுடுங்க சார்."

"கொடம் வேற, ஏரி வேற. பேஜார் பண்ணாம போய்யா" என்றார் மேலதிகாரி.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. நீதான பையத் தூக்கியாந்த?"

நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'தோல் கழிவுநீர் கலந்த ஏரி. மீன் குஞ்சு விட ஏற்றதல்ல. திட்டப் பட்டியலிலிருந்து' என்பது வரை அடித்திருந்தேன். அவர் குடத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

குடத்துக்குள் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே 'நீக்கலாம்' என்று அடித்து முடித்தேன்.