ஸ்டெல்லா அக்கா வீட்டு ஜன்னலில் தொங்கும் ஐவி

ஸ்டெல்லா அக்கா இன்று விடியற்காலை போய்விட்டார். தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

விழுப்புரத்தில் ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தோம். அவர் ப்ளவுஸ் பிட் செக்‌ஷன், நான் லுங்கி செக்‌ஷன். குடியிருப்பது திண்டிவனத்தில் ஒரே லைன் வீட்டில். அவர் கதவுக்கு நாலு கதவு தள்ளி நான்.

அந்த வரிசையில் அவர் ஜன்னலில் மட்டும் ஐவி தொங்கும். முனை முனையாகச் சின்ன இலை. நாங்கள் மணி பிளான்ட் என்போம், அவர் திருத்தித் திருத்தி ஓய்ந்துபோனார்.

தொண்ணூற்று மூன்றில் காலேஜ் டூர் போன அவர் மகன் ராஜு, கொடைக்கானலிலிருந்து பாலிதீன் கவரில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த செடி. ஆணி அடித்து அங்கே மாட்டியதும் அவன்தான்.

அடுத்த வருடம் அப்பாவோடு சண்டை. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று அப்பா சொல்ல, ராஜு போய்விட்டான். போன் இல்லை, லெட்டர் இல்லை... எதுவும் இல்லை.

மலையில் வளர்கிற செடி, நம்ம ஊர் சித்திரை வெயில். அக்கா ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டுவார். மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, இலைகளைத் திருப்பி அடியில் சிவப்புப் பூச்சி தேடுவார். அதற்குள் பஸ் போய்விடும். கடையில், அவருக்காகக் காத்து நின்ற எனக்கும் சேர்த்து டோஸ்.

நானும் மூன்று தரம் அவரிடம் கொடித் துண்டு வாங்கி நட்டு வைத்தேன். மூன்றும் அழுகின. என் பாசம் அப்படி... காலையும் மாலையும் தண்ணீர்.

"செடிக்குத் தாகம் இல்ல தம்பி, ஒனக்குத்தான் பொழுது போவல" என்றார் அக்கா. அப்பா கை வைத்தால் பிளாஸ்டிக் செடிகூடப் பிழைக்காது என்று என் மகள் இன்றும் சொல்வாள்.

கொடி கீழே தொங்கினால் குடும்பம் இறங்கிவிடும், கயிறு கட்டி மேலே ஏற்றுங்கள் என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி கயிறே கொண்டுபோனாள். நானும் பெரிய ஜோசியக்காரன் மாதிரி கூடப் போய் நின்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "ஓனரு எல்லாக் கதவுக்கும் ஒரே பெயின்ட் அடிச்சிட்டாரு. தெருவே மாறிப் போச்சி. அவன் வந்தா எந்த வூடுன்னு தேடுவான்? இது வெளிய தொங்கிக்கினு இருந்தா தெரியும்ல."

கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். காற்றில் கொடி அசைந்தால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுவார். ஜன்னல் பக்கம் யாராவது நின்றாலே கதவு திறக்கும்... கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூட. அவரைப் பார்க்காமல் அவர் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர், ராஜுவின் அப்பா, தவறினார். குயிலாப்பாளையத்திலிருந்து அக்காவின் அண்ணன் மகள் வந்து, செடியையும் எடுத்துக்கொண்டு தன்னோடு வரும்படி கூப்பிட்டாள்.

"செடியத் தூக்கிக்கினு வரலாம். ஜன்னல?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்று காலை ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் கொடி அசைந்தது. ஜெபம் நின்றது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம்... நான் வெளியே போயே பார்த்தேன்.

வெயில் மட்டும்தான் இருந்தது.

ஃபேஸ்புக்கில் காலை வணக்கம் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாதவன் நான். அண்ணன் மகள் கேட்டதால் எழுதுகிறேன்.

ராஜு, இது எப்படியாவது உன் கண்ணில் பட்டால்... அடக்கத்தை நாளை சாயந்திரம் வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறோம். ஃபாதரிடம் சொல்லியாயிற்று. அப்பாவும் இப்போது இல்லை. உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், வாப்பா.

அக்கா... இன்னும் கொஞ்சம் பொறுங்க.