சிவப்புக் காரும் மயிலத்து எலுமிச்சம்பழமும்

பெட்ரோல் வாசனையும் எலுமிச்சம்பழ வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்... எனக்குத் தெரியும். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது பக்கத்துக் கடையில் யாராவது எலுமிச்சை பிழிந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன்.

என் தங்கை மல்லிகா கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கணவர் தனசேகர் கண்டமங்கலத்திலிருந்து தினமும் பாண்டிச்சேரிக்குப் போய் வந்த ஃபேக்டரி ஃபிட்டர். அவருடைய முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது, ஓடாமல் கிடந்த தன் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை அவருக்கே கொடுத்துவிட்டார். சிவப்பு நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம், அதுவும் தரையில் உட்கார்ந்த மாதிரி. மாட்டுக் கொட்டகையில் வைத்து அதைப் பிரித்து மாட்டவே மாப்பிள்ளைக்குச் சில வருஷங்கள் ஆயின. பிரேக் முழுவதையும் அவரே தன் கையால் புதிதாக மாட்டினார்.

ஓட ஆரம்பித்ததும் ஆட்டோகிராஸில் விட ஆசை வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரோடு கார் முட்டிக்கொள்ளும் பந்தயம் இல்லை இது. காலி இடத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, வளைந்து வளைந்து போகிற மாதிரி பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார். போட்டி கடிகாரத்தோடுதான். கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் சின்னப் பிள்ளைகள் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவார்களே... வேகமும் வேண்டும், நிதானமும் வேண்டும். அப்படி.

திண்டிவனத்துக்கு வெளியே, விற்காமல் கிடந்த ஒரு மனை லேஅவுட்டில் ஞாயிறு காலைகளில் பழகினோம். கூம்புக்குப் பதில் கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாக்கள். நான் அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்த அறிவியல் வாத்தியார், கையில் ஸ்டாப்வாட்ச். பஸ் திரும்பும்போது சீட்டில் வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலம் ஏன் உருளுகிறது என்று அவருக்கு நிலைமம் பற்றி விளக்குவேன்.

"பாடத்த அப்புறம் நடத்துங்க மச்சான். டயம் இன்னா, அத்த சொல்லுங்க" என்பார்.

மல்லிகாவுக்குப் பயம். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். மயிலம் முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட வேண்டும், சாமி பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் வண்டியிலேயே இருக்க வேண்டும். போட்டோம். டயருக்கு அடியில் நசுங்கியவை போக, ஒரு பழம் டேஷ்போர்டில் ஏறியது. நம் ஊரில் எந்த வண்டியில் இல்லை, சொல்லுங்கள்.

அதே லேஅவுட்டில் சென்னைக்காரர்கள் சிலர் ஒரு போட்டி நடத்தினார்கள். ஓடுவதற்கு முன் ஒருவர் ஒவ்வொரு காரையும் சோதித்தார். உள்ளே ஒரு பேனாகூட இருக்கக் கூடாது என்றார். மிதியடி, தண்ணீர் பாட்டில், பழம் எல்லாவற்றையும் எடுத்து மல்லிகா கையில் கொடுத்துவிட்டார்.

முதல் ஓட்டத்தில் மாப்பிள்ளை ஒரு கூம்பைத் தட்டினார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். மல்லிகா சிரிக்கவில்லை.

"சாமிய வெளிய வெச்சிட்டாங்க இல்ல... அதான்ணா" என்றாள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் அவள் குனிந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தேன். சீட்டு ஓரத்தில் பழத்தைச் செருகியதை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

கடைசி வளைவுக்கு எதிரே காம்பவுண்டுச் சுவர். அங்கே வேகம் குறைய வேண்டும்.

குறையவில்லை...

ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்த வாசனை. காரின் முன்பக்கம் நசுங்கி அவர் வலது காலைப் பிடித்திருந்தது. பிரேக் பெடலுக்கு அடியில் பழம் பிதுங்கிக் கிடந்தது. மல்லிகா இன்னும் ஓடிவந்துகொண்டிருந்தாள். அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"பிரேக் பைப்பு வெடிச்சிடுச்சின்னு சொல்லுங்க மச்சான். அவளாண்ட வேற ஒண்ணும் வேணாம்."

பழத்தை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஃபேக்டரி வேலை போனது. அதைவிடக் கொடுமை ஊர்ப்பேச்சு. "தான் மாட்டின பிரேக்கே புடிக்கலியாம், இவரு ஃபிட்டராம்" என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொன்னார்கள். ஒரு பம்புசெட்டைக்கூட அவரிடம் கொடுக்க யோசித்தார்கள். கைவேலையில் அவ்வளவு ரோஷம் உள்ள மனிதர், டீயைக் குடித்துவிட்டுக் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். சாகும்வரை அந்தப் பொய்யை மாற்றவில்லை.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பைப்புல ஒண்ணும் ஆவலண்ணா. பழைய இரும்புக்காரன் வண்டிய ஏத்திக்கினு போறப்ப நான் பாத்தேன். பெடல்ல எலுமிச்ச வெத ஒட்டிக்கினு இருந்துச்சி."

 ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"எனக்காவ பேர கெடுத்துக்கினாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, காலும் போயி, பேரும் போயி, அவரு சொன்ன பொய்யும் வீணாப் பூடும் இல்ல..."

எழுந்துகொண்டே சொன்னாள். "நீ போன்ல என்னென்னமோ எழுதறியே. அவரு மாட்டின பிரேக்கு நல்ல பிரேக்குன்னு எழுதுண்ணா."

எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

அந்த லேஅவுட்டில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. பெயிண்ட் டப்பாக்களைச் சுற்றி அவர் சீறிக்கொண்டு திரும்பிய இடத்தில், இன்று ஸ்கூல் வேன் ஹாரன் அடித்து மெதுவாகத் திரும்புகிறது. சுவருக்கு வெள்ளை அடித்து யாரோ கட்சிச் சின்னம் வரைந்திருக்கிறார்கள்.

போன வாரம் மல்லிகாவின் மகன் கார் வாங்கினான். மயிலத்துக்குப் போனோம். ஐயர் கொடுத்த பழத்தை யாரும் கை நீட்டுவதற்குள் அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிழிந்து எல்லோருக்கும் ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். அவள் மட்டும் குடிக்கவில்லை.

டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். புதுக் காரின் கதவைத் திறந்து, குனிந்து, பிரேக் பெடலுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.