டிக்கெட் கவுண்டர் வாசலில்

எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்தில் போன வாரம் ஒரு பச்சைப் பலகை மாட்டினார்கள். ஆபத்து வந்தால் எல்லோரும் வந்து கூடவேண்டிய இடமாம். நான் ஐந்தாவது வரை படித்தவள்; எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கீரைக்காரி போய்விட்டாள்.

எண்பதுகளில் சேலையூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தோம். மூன்று அண்ணன் தம்பிகளின் குடும்பமும் ஒரே வீட்டில். மழைக்காலத்தில் ஈரச் சாக்கு வாடை சோற்றில்கூட அடிக்கும். என் வீட்டுக்காரரின் மூத்த அண்ணனை எல்லோரும் பெரியவர் என்போம். ஒருநாள் அவர் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்:

"ஏரி ஒடைஞ்சா, யார் எங்க இருந்தாலும் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டருக்கு வந்துடணும். ஒருத்தர் கொறைஞ்சாலும் மத்தவங்க நகரக் கூடாது."

அவர் எதிரில் நான் வருவதில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன். பரீட்சை வைத்திருந்தால் நான்தான் முதல்.

ஏரி உடைந்த அன்று மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். திரும்பினால் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மகளைத் தூக்கிக்கொண்டு நேரே கவுண்டருக்குப் போனேன். எங்கள் வீட்டார் யாரும் இல்லை. எல்லோரையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தேன்.

"இன்னாக்கா, எம்மா நேரமா நின்னுகினு கீற? கொழந்த நடுங்குது பாரு," என்றாள் பூக்காரி.

"எங்க வீட்டு ஆளுங்க வரணும்."

விளக்குப் போடும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ரயிலிலிருந்து இறங்கினார். "இங்க ஏம்மா நிக்கிறீங்க? எல்லாரும் மத்தியானமே குரோம்பேட்டைல உங்க நாத்தனார் வீட்டுக்குப் போயிட்டாங்களே. கூடற எடத்த மாத்தி ஒரு வாரமாச்சாமே!"

இரண்டே ஸ்டேஷன். கதவைத் திறந்ததும் வெங்காய பஜ்ஜி வாசனை. கூடத்தில் பெரியவர் மனைவி, என் பெரிய ஓரகத்தியின் தையல் மிஷின்; வீட்டிலிருந்து தூக்கிவந்திருந்தார்கள், ஒரு சொட்டு நனையாமல்.

"அண்ணி சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்," என்றாள் ஓரகத்தி.

அது போகட்டும். "கவுண்டர்லதான் நிப்பேன்னு தெரியாதா?" என்று என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரியும். மழை விடட்டும்னு இருந்தேன்."

ஏரியில் பாதி இப்போது வீடுகள். எங்கள் வீடும் பாகம் பிரிந்துபோயிற்று. ஆனால் முதலில் போனது வேறு. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் கடைசி மருமகளான நான் தட்டெடுப்பது அந்த வீட்டு வழக்கம். தண்ணீர் வடிந்து திரும்பிய அன்று, சோறு வெந்ததும் மகளுக்கும் எனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னாடி, அவங்கள்லாம் வரவேணாமா?" என்றாள் ஓரகத்தி.

"வரட்டும்க்கா," என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டேன். யாருக்காகவும் காத்திருக்கிற பழக்கம் அன்றோடு போயிற்று.