ஜமால் கட்டிய கரிப்பொட்டலம்

ஜமாலோடு வேலை பார்த்தவர்களே, நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். அவன் மவுத்தான செய்தி செவ்வாய் காலை வந்தது. நான் சட்டை மாட்டிப் பூந்தமல்லி போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரு லட்சம் பேர். என் சாவுக்கு இதில் கால்வாசி வராது. போவதிலும் முந்திவிட்டான்.

நிலத்தடி நீர் அலுவலகத்தில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். பூமிக்கடியில் தண்ணீர் என்னைக் கேட்டுத்தான் திரும்புகிறது என்று நான் நம்பிய எண்பதுகள் அவை. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு முலாம் பட்டறையின் கழிவுக்குழியைப் பார்த்துவிட்டு, "கழிவு ஏரிப்பக்கம் போகும், அண்ணனூர்த் தெருக்கிணறு சுத்தம்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"மாமே, தெருவே அந்தக் கெணத்தத்தான் குடிக்குது. சாயம் ஊத்திப் பாத்துடலாம்" என்றான் ஜமால்.

சாயம் என்பது செங்கல் நிறத் தூள். கெடுதல் இல்லாதது, தண்ணீர் பட்டால் கிளிப்பச்சை. கிணற்றில் பச்சை வந்தால் கழிவும் வருகிறது என்று அர்த்தம். குழியில் ஒரு டப்பா கொட்டினான். அன்று பறந்த கொக்கெல்லாம் கிளியானது. வேப்பம்பட்டு எருமைகள் பச்சைப்பால் கறந்தன. கிணற்றில் மட்டும் ஒன்றுமில்லை. பத்து நாள் நான் நடந்தது யானை நடை.

பதினோராம் நாள் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் முறை எனக்கு வந்தது. பாட்டிலை வெயிலில் பிடித்தேன். இளம்பச்சை. கீழே கொட்டிவிட்டுப் பதிவேட்டில் "நிறமில்லை" என்று எழுதினேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பச்சை கடந்து போயிருந்தது. தெரு குடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஜமால் வந்தான். "இன்னா மாமே, எதுனா தெரிஞ்சிதா?"

"ஒன்னும் கெடையாது. அப்பவே சொன்னேனே."

அவன் கிணற்றுக்குள் குனிந்து ஒரு நூலை இழுத்தான். நுனியில் கொசுவலைத் துணியில் கட்டிய கரிப்பொட்டலம். எனக்குத் தெரியாமல் எப்போது தொங்கவிட்டானோ. "தண்ணி ஓடிடும் மாமே. கரி புடிச்சி வச்சிக்கும்" என்று சொல்லி, காரக் கரைசலில் ஊறவைத்தான். பச்சை எழும்பி வந்தது. பதிவேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பாட்டில்ல தெரியாம பூட்டிருக்கும்" என்றான்.

தண்ணீர் சேந்த வந்த கன்னியம்மாள், "பாய், நீ இல்லன்னா எம் புள்ளைங்க இன்னும் இத்தயே குடிச்சிகினு இருக்கும்" என்றாள்.

"இவரும் நானும் சேந்து கண்டுபுடிச்சதும்மா."

கிணற்றை மூடினார்கள், லாரித் தண்ணீர் வந்தது. அறிக்கையில் என் பெயரை முதலில் போட்டிருந்தான். அதை நான் மன்னிக்கவேயில்லை. அவனைவிடப் பெரிய மீசை எனக்கு, பெரிய படிப்பு. அந்த மனசு மட்டும் வாய்க்கவில்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொறாமைதான். யாருக்கும் தரமாட்டேன்.

லட்சம் பேர், கிளி, பச்சைப்பால் எல்லாம் நான் அளந்துவிட்டவை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்: பாட்டிலைக் கொட்டினேன். அவன் கடைசிவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.